பதில் தராத ஃபங்ஷனும் சனிக்கிழமைக் கூலியும்

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த எல்லோருக்கும் முதல் வருடமே 'வாய்ட்' அறிமுகமாகிவிடும். "இந்த ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது" என்று ஒரே வரி. வாத்தியார் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும்.

வேலைக்குப் போதாது. கோவில்பட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் இதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்துகொண்டான். அவன் எழுதிய டேட்டாபேஸில் ஒரு பெண்ணின் ஆறு நாள் கூலி காணாமல் போயிருந்தது. எர்ரர் எதுவும் வரவில்லை. எல்லாம் சரி என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கதையைப் பார்ப்போம். டேட்டாபேஸ் தெரியாதவர்களும் படிக்கலாம், புரியும். தெரிந்தவர்கள் கட்டாயம் படிக்கலாம் :-)

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் கடலைமிட்டாய்தான் ஞாபகம் வரும். 2020ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் தீப்பெட்டி என்பார்கள். சுற்றிலும் கரிசல் காடு. ஆற்றுப் பாசனம் கிடையாது, எல்லாம் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் உளுந்தும் கம்பும் பருத்தியும். மழை ஏமாற்றிய வருடத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது தீப்பெட்டிக் கூலியில்தான். இங்கே யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் பெயர்.

அவனுடைய அப்பா கரிசலில் விவசாயம் பார்க்கிறவர். சித்தி ஒரு சின்ன தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். பெட்டியில் குச்சி அடைக்கிற பெண்களுக்கு அங்கே தினச் சம்பளம் இல்லை, அடைத்த பெட்டிக்குத்தான் கூலி. 144 பெட்டி ஒரு குரோஸ். யார் எத்தனை குரோஸ் என்று தினமும் எழுதி, வாங்கிய முன்பணத்தைக் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. தீப்பெட்டி விலையே 2007ல்தான் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு பதினான்கு வருடம் கழித்து, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய். பெட்டிக்கே இவ்வளவுதான் என்றால் அதை அடைக்கிறவர்களின் கூலியில் பத்து ரூபாயும் சின்னத் தொகை இல்லை.

ஒரு நாள் சித்தி கேட்டார். "எய்யா, காலேஜ்ல என்னமோ கம்ப்யூட்டர் படிக்கேங்கியே, இந்த நோட்டை அதுல ஏத்த முடியுமா? சனிக்கெழம ஆனா கூட்டிக் கழிச்சே தலை வலிக்கி."

"அதெல்லாம் சின்ன வேலை சித்தி, ஒரு வாரத்துல போட்டுத் தாரேன்" என்றான். மூன்றாம் வருட மாணவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

அவன் எடுத்துக்கொண்டது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். மூன்று டேபிள் போட்டான். முதலாவது 'ஆட்கள்': டோக்கன் நம்பர், பெயர். இரண்டாவது 'தினவரவு': எந்தத் தேதி, எந்த டோக்கன், எத்தனை குரோஸ். மூன்றாவது 'பாக்கி': ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரிசை, இன்றைய தேதிக்கு அவருக்குத் தர வேண்டிய தொகை. சனிக்கிழமைப் பட்டியல் இந்த மூன்றாவது டேபிளிலிருந்துதான் வரும்.

பிறகு இரண்டு ஃபங்ஷன். 'வரவுப்பதி' என்ற ஃபங்ஷன் தினவரவில் ஒரு வரிசை சேர்க்கும். சேர்த்துவிட்டு 'பாக்கிக்கூட்டு' என்ற இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும். பாக்கிக்கூட்டின் வேலை, அந்த டோக்கனின் பாக்கியில் கூலியைக் கூட்டுவது மட்டுமே. திருப்பித் தர ஒன்றுமில்லை. அதனால் அதன் விடை வகையை 'வாய்ட்' என்று போட்டான். நியாயம்தானே?

முதல் சிக்கல் இங்கேதான். வெளியிலிருந்து ஒரு ஃபங்ஷனைச் சோதிக்கும்போது 'செலக்ட்' என்று போட்டு ஃபங்ஷன் பெயரை எழுதுவோம். அதே பழக்கத்தில் வரவுப்பதி ஃபங்ஷனுக்கு உள்ளேயும் "செலக்ட் பாக்கிக்கூட்டு" என்று எழுதினான். ஃபங்ஷனை உருவாக்கும்போது டேட்டாபேஸ் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. முதல் தடவை ஓட்டியதும் எர்ரர். வினவலின் விடை போய்ச் சேர இடம் கொடுக்கப்படவில்லை என்று பொருள்படும் வாசகம். அதோடு ஒரு குறிப்பும் இருந்தது: விடை வேண்டாம் என்றால் 'பெர்ஃபார்ம்' பயன்படுத்தவும்.

அவனுக்குக் குழப்பம். விடையே இல்லை என்றுதானே சொல்லியிருக்கிறோம், இல்லாத விடைக்கு எதற்கு இடம்?

காரணம் செலக்டின் குணம். செலக்ட் என்றால் வரிசைகளைக் கேட்பது. ஃபங்ஷன் எதையும் தராவிட்டாலும் செலக்ட் ஒரு வரிசையைத் தந்தே தீரும். நேரடியாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். மேலே ஃபங்ஷன் பெயர் தலைப்பாக இருக்கும், அதன் கீழே வெற்றிடம், கடைசியில் 'ஒரு வரிசை' என்ற கணக்கு. கம்பங்காட்டில் மணி பிடிக்கிற நேரத்தில் மழை இல்லாமல் போனால் கதிர் நிற்கும், உள்ளே மணி இருக்காது. கரிசலில் அதைச் 'சாவி' என்பார்கள். வாய்ட் ஃபங்ஷன் தருவது சாவிக் கதிர். உள்ளே ஒன்றும் இல்லைதான், ஆனால் கதிர் ஒன்று வந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸின் ஃபங்ஷன் மொழியான பிஎல்-பிஜிஎஸ்கியூஎல், வந்த வரிசையை எங்கே வைப்பது என்று கேட்கிறது. 'பெர்ஃபார்ம்' என்றால், ஓட்டு, வருவதைத் தூக்கிப் போட்டுவிடு என்று அர்த்தம்.

இந்த எர்ரர் உருவாக்கும் நேரத்தில் வராது, அந்த வரி ஓடும்போதுதான் வரும் என்பதையும் கவனியுங்கள். ஒரு 'இஃப்' கிளைக்குள் இந்தத் தவறு ஒளிந்திருந்தால், அந்தக் கிளைக்கு வேலை வருகிற நாள் வரை வெளியே தெரியாது. எல்லாக் கிளைகளையும் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கொஞ்சம் வரலாறு. "தருவது ஃபங்ஷன், செய்வது வேறு" என்ற பிரிவு பழையது. 1958ல் வந்த ஃபோர்ட்ரான் 2ல் மதிப்புத் தர 'ஃபங்ஷன்', வேலை மட்டும் செய்ய 'சப்ரூட்டீன்' என்று இரண்டு இருந்தன. சப்ரூட்டீனைக் கூப்பிட 'கால்' என்று தனிச் சொல். சி மொழியில் முதலில் அந்தப் பிரிவு இல்லை, எல்லாமே ஃபங்ஷன்தான். 1978ல் வந்த கெர்னிகன்-ரிட்சி புத்தகத்தின் முதல் பதிப்பில் வாய்ட் கிடையாது. 1989ன் அன்சி தரத்தில்தான் அது முறையாக இடம்பிடித்தது. போஸ்ட்கிரெஸும் வெகுகாலம் எல்லாவற்றையும் ஃபங்ஷனாகவே வைத்திருந்தது. 2002ல் வந்த 7.3 பதிப்பில் வாய்ட் என்ற போலி வகை சேர்ந்தது. தனியாக 'புரொசீஜர்' என்ற ஒன்றும், அதைக் கூப்பிடும் 'கால்' கட்டளையும் 2018ல் வந்த 11ஆம் பதிப்பில்தான் கிடைத்தன.

மற்ற டேட்டாபேஸ்களில் வேறு மாதிரி. ஆரக்கிளில் வேலை மட்டும் செய்வதைப் புரொசீஜராக எழுதி, ஃபங்ஷனுக்கு உள்ளே அதன் பெயரை மட்டும் எழுதினால் போதும். மைஎஸ்கியூஎல்லில் ஃபங்ஷன் ஏதாவது ஒரு மதிப்பைத் தந்தே ஆக வேண்டும், அந்த மதிப்பு வேண்டாம் என்றால் 'டூ' என்ற கட்டளை இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் ஃபங்ஷனுக்கு உள்ளிருந்து டேபிளை மாற்றவே விடமாட்டார்கள். ஒரே பிரச்சினைக்கு நான்கு வீட்டில் நான்கு வழக்கம்.

சரி, கதைக்கு வருவோம். செலக்டை எடுத்துவிட்டு பெர்ஃபார்ம் போட்டான். ஓடியது. ஆனாலும் மனதில் ஒரு சந்தேகம். உள்ளே போன ஃபங்ஷன் உண்மையிலேயே பாக்கியைக் கூட்டியதா, எப்படித் தெரியும்? பிஎல்-பிஜிஎஸ்கியூஎல்லில் 'ஃபவுண்ட்' என்று ஒரு மாறி உண்டு. அப்டேட் ஏதாவது ஒரு வரிசையை மாற்றியிருந்தால் அது 'ஆம்' என்று இருக்கும், ஒன்றையும் மாற்றாவிட்டால் 'இல்லை' என்று இருக்கும். அதனால் பெர்ஃபார்முக்கு அடுத்த வரியில், ஃபவுண்ட் 'இல்லை' என்றால் எர்ரர் எழுப்பு என்று எழுதி வைத்தான். பார்த்தால் யாருக்கும் பொறுப்பான வேலையாகத்தான் தெரியும்.

முதல் இரண்டு வாரம் நோட்டும் கம்ப்யூட்டரும் ஒரே தொகை காட்டின. சித்திக்குச் சந்தோஷம். ஆனாலும் நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. "இருக்கட்டும்யா, கையும் பழகிப் போச்சு" என்றார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தார். டோக்கன் 23. சித்தியே அவர் பெயரை ஆட்கள் டேபிளில் சேர்த்தார். ஆறு நாளும் அவருடைய குரோஸ் கணக்கைப் பதிந்தார். ஆறு நாளும் திரையில் 'பதிவாகிவிட்டது' என்றே வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டியல் எடுத்தார்கள். 22 பெயர் இருந்தது. 23 இல்லை.

எல்லோரும் வாங்கிக்கொண்டு போனபின்னும் அந்தப் பெண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சித்திதான் பார்த்துக் கூப்பிட்டார். "ஏன்டி, நீ வாங்கலியா?"

"எம்பேரு கூப்பிடலக்கா. புதுசா வந்தவுகளுக்கு அடுத்த வாரமோன்னு நின்னேன்."

சித்தி நோட்டைப் புரட்டினார். ஆறு நாளும் எழுதியிருந்தது. அங்கேயே கூட்டி, காசை எண்ணிக் கொடுத்து அனுப்பினார். பிறகு மாணவனைக் கூப்பிட்டார். "எய்யா, நோட்டுல இருக்கு. உம்பெட்டியில எங்க போச்சு?" குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினான். தினவரவில் டோக்கன் 23க்கு ஆறு வரிசையும் பத்திரமாக இருந்தன. பாக்கி டேபிளில் 23 என்ற வரிசையே இல்லை. ஆரம்பத்தில் இருந்த 22 பேருக்கும் பாக்கி வரிசைகளை அவன் கையால் போட்டிருந்தான். புதிதாக வருகிறவர்களுக்கு யார் போடுவது என்று யோசிக்கவில்லை. இல்லாத வரிசையில் கூட்டச் சொன்னால் அப்டேட் எர்ரர் தராது. 'பூஜ்யம் வரிசை மாறியது' என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

அதுவரை புரிந்தது. ஆனால் ஃபவுண்ட் சோதனை எங்கே போனது?

விடை அந்தச் சாவிக் கதிரில்தான் இருக்கிறது. ஃபவுண்ட் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனி. பாக்கிக்கூட்டுக்கு உள்ளே அப்டேட் ஒன்றையும் மாற்றாதபோது அங்கே இருந்த ஃபவுண்ட் 'இல்லை' என்று ஆனது. அந்தச் செய்தி அந்த ஃபங்ஷனோடு முடிந்துபோனது. வெளியே வரவுப்பதியில் இருந்தது வேறொரு ஃபவுண்ட். பெர்ஃபார்ம் ஒரு வரிசையாவது பெற்றுத் தூக்கிப் போட்டிருந்தால் அது 'ஆம்' என்று ஆகும். வாய்ட் ஃபங்ஷன் எப்போதும் ஒரு வெற்று வரிசையைத் தரும் என்று மேலே பார்த்தோம். ஆக, இப்படி எழுதப்பட்ட சோதனை என்றைக்குமே 'ஆம்' என்றுதான் சொல்லும். கூலி பதிவானாலும் 'ஆம்', பதிவாகாவிட்டாலும் 'ஆம்'.

அவன் கேட்க நினைத்த கேள்வி "வேலை நடந்ததா?" என்பது. உண்மையில் அவன் கேட்டது "போன ஆள் திரும்பி வந்தாரா?" என்பது. இரண்டும் ஒன்றில்லை.

திருத்தம் சின்னதுதான். சோதனையை வெளியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தான். பாக்கிக்கூட்டுக்குள் அப்டேட் முடிந்த அடுத்த வரியிலேயே, ஃபவுண்ட் 'இல்லை' என்றால், இந்த டோக்கனுக்குப் பாக்கி வரிசை இல்லை என்று எர்ரர் எழுப்பச் செய்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே கூப்பிடப்படும் ஃபங்ஷன், கூப்பிட்டவரின் டிரான்சாக்‌ஷனுக்குள்தான் ஓடுகிறது. உள்ளே எழும் எர்ரரை நடுவில் யாரும் பிடித்துக்கொள்ளாவிட்டால் தினவரவில் போட்ட வரிசையும் சேர்ந்தே ரத்தாகும். இரண்டும் பதிவாகும், அல்லது இரண்டும் பதிவாகாது. பாதிக் கணக்கு மிஞ்சாது. முதலிலேயே இப்படி இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே திரை கத்தியிருக்கும், சனிக்கிழமை யாரும் ஓரமாக நிற்க வேண்டி வந்திருக்காது.

இரண்டாவது வேலையாக, வரிசை இருந்தால் கூட்டு, இல்லாவிட்டால் புதிதாகப் போடு என்று மாற்றினான். 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து, இன்சர்ட்டோடு 'ஆன் கான்ஃப்ளிக்ட்' சேர்த்து எழுதினால் இது ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

இதைத் தேடும்போது அவன் கற்ற மற்ற விஷயங்களும் உங்களுக்கு உதவலாம்.

1. வாய்ட் ஃபங்ஷனுக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்று அடைமொழி கொடுத்திருந்தால், அனுப்பும் மதிப்புகளில் ஒன்று 'நல்' ஆக இருந்தாலும் ஃபங்ஷன் உள்ளேயே நுழையாது. எர்ரர் வராது. வெளியே பெர்ஃபார்ம் வழக்கம்போல 'ஆம்' சொல்லும். குரோஸ் எண்ணிக்கையை நிரப்ப மறந்தால் கூலி சத்தமில்லாமல் போய்விடும்.

2. பெர்ஃபார்முக்குப் பின்னால் 'ஃப்ரம்' போட்டு ஒரு டேபிளைக் கொடுத்தால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை ஃபங்ஷன் ஓடும். டேபிளில் பொருந்தும் வரிசை இல்லையென்றால் ஒரு தடவைகூட ஓடாது. இங்கே ஃபவுண்ட் சொல்வது, வரிசை கிடைத்ததா என்பதை மட்டும்தான்.

3. பெர்ஃபார்ம் பிஎல்-பிஜிஎஸ்கியூஎல்லுக்கு மட்டுமே சொந்தம். வெறும் எஸ்கியூஎல் மொழியில் எழுதிய ஃபங்ஷனுக்குள் அதைப் போட்டால் இலக்கணப் பிழை வரும். அங்கே செலக்ட்தான் சரி.

4. எர்ரரைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விடும் 'எக்ஸெப்ஷன்' பகுதியை, காசு சம்பந்தப்பட்ட எந்த ஃபங்ஷனிலும் எழுத வேண்டாம். மேலே சொன்ன திருத்தம் முழுவதையும் அது ஒரே வரியில் வீணாக்கிவிடும்.

5. 'ஒன்றும் மாறவில்லை' என்பதும் நியாயமான விடையாக இருக்கக்கூடிய இடத்தில் வாய்ட் வேண்டாம். எத்தனை வரிசை மாறியது என்ற எண்ணையே திருப்பித் தரலாம். பழைய பதிவுகளை நீக்குகிற ஃபங்ஷன் 'பூஜ்யம்' என்று சொன்னால் தவறில்லை. கூலியைக் கூட்டுகிற ஃபங்ஷன் பூஜ்யம் என்றால் அது தவறு, அங்கே எர்ரர்தான் எழ வேண்டும்.

அப்படியென்றால் வாய்ட் ஃபங்ஷனே எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம். கரிசலில் புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவது உண்டு. அவனுடைய அப்பாவும் அப்படி விதைக்கிறவர்தான். விதைத்த அன்று நிலம் எந்தப் பதிலும் சொல்லாது. அவரும் எதிர்பார்க்கமாட்டார். ஆனால் மழை பெய்த சில நாளில் காட்டுக்குப் போய் சால் சாலாக நடந்து, எங்கே முளைக்கவில்லை என்று பார்த்து, அங்கே திரும்ப விதை ஊன்றிவிட்டு வருவார். விதைத்துவிட்டோமே, முளைத்திருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

பதில் தராத ஃபங்ஷனைக் கூப்பிடும்போதும் அதே விதிதான். முளைத்ததா என்று யாராவது நடந்து பார்த்தாக வேண்டும். அதை வரப்பில் நின்று பார்க்க முடியாது, காட்டுக்குள் இறங்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பட்டியலில் 23 பெயரும் வந்தன. தொகை நோட்டோடு ஒத்துப்போனது. "இனிமே நோட்டு எழுத வேண்டாம் சித்தி" என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தினவரவையும் பாக்கியையும் தினமும் ராத்திரி ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் சிவப்பில் காட்டுகிற ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தான்.

சித்தி அதையும் பார்க்கிறார். நோட்டும் எழுதுகிறார்.